போயர் மவுசர்: வெளிநாட்டுக்கு விற்பதற்கென்றே செய்த ஒரு துப்பாக்கி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்தத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு இது?

1890களில் பெர்லினில் இருந்த லுட்விக் லோவே கம்பெனியும், அது பின்னால் உருமாறி அமைந்த டி.டபிள்யூ.எம். என்ற நிறுவனமும் தயாரித்த மவுசர் 1895 ரக ராணுவ ரைஃபிள். கொஞ்சம் மாற்றத்தோடு 1896 என்றும் முத்திரை குத்தி விற்றார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த இரண்டு சிறிய குடியரசுகள், டிரான்ஸ்வாலும் ஆரஞ்சு சுதந்திர நாடும், இதை ஆயிரக்கணக்கில் வாங்கி 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்து நின்றன. அதனால்தான் ‘போயர் மவுசர்’ என்ற பெயர்.

இதன் விசேஷம் ஒன்றுதான். ஜெர்மனியில் செய்த இந்தத் துப்பாக்கி ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்ததல்ல. ஆரம்பத்திலிருந்தே ஏற்றுமதிச் சரக்கு. யார் பணம் கட்டுகிறார்களோ அவர்கள் நாட்டுச் சின்னத்தைப் பொறித்து, பெட்டியில் அடுக்கி, கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

போயர் என்றால் யார்?

டச்சு மொழியில் ‘விவசாயி’ என்று பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்த் தனி நாடுகள் அமைத்தார்கள். நம் ஊர் போயர் சமூகத்துக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் கேள்வியும் அடிக்கடி வருவதால்தான் சொல்கிறேன்.

போல்ட் ஆக்‌ஷன் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

என்.சி.சி.யில் 22 ரைஃபிள் சுட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். ஒரு இரும்பு உருளை, அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்டு முடித்த வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டு.

மவுசரின் கெட்டிக்காரத்தனம் தோட்டா நிரப்புவதில் இருந்தது. ஐந்து தோட்டாக்களை ஒரு மெல்லிய தகட்டில், அடிப்பக்கம் கோத்து வைத்திருப்பார்கள். இதுதான் கிளிப். போல்ட்டைப் பின்னால் இழுத்ததும் மேலே ஒரு பிளவு தெரியும். கிளிப்பின் முனையை அதில் நிறுத்தி, மேல் தோட்டாவின் மீது கட்டை விரலை வைத்து ஓர் அழுத்து. ஐந்தும் சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். இரண்டு நொடி, மூன்று நொடி வேலை. உள்ளே தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்காமல் இடமும் வலமுமாகச் சாய்ந்து உட்காரும். அதனால் தோட்டா தங்கும் மேகசின் பெட்டி கீழே துருத்தவில்லை, துப்பாக்கியின் மரக்கட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டது. குதிரை ஏறுகிறவனுக்கும் தரையில் படுத்துச் சுடுகிறவனுக்கும் இது எவ்வளவு பெரிய வசதி என்பது துருத்திய மேகசினோடு மல்லாடியவனுக்குத்தான் புரியும்.

நீளம் சுமார் 1.23 மீட்டர். எடை ஏறத்தாழ 4 கிலோ. குறிபார்க்கும் தகட்டில் 2,000 மீட்டர் வரை கோடுகள். அந்தத் தூரத்தில் ஓர் ஆளைச் சுடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டமாக நிற்கும் படையின் மேல் பலர் சேர்ந்து தோட்டா மழை பொழிவதற்காக அந்தக் காலத்தில் எல்லா நாட்டுத் துப்பாக்கியிலும் அப்படி ஓர் ஆடம்பரம் இருந்தது.

ஜெர்மனியில் செய்த துப்பாக்கி, ஜெர்மன் ராணுவத்திடம் ஏன் இல்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பால் மவுசர் நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபர்ண்டார்ஃப் ஊர்க்காரர். 1871இல் இவர் செய்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளை ஜெர்மனி ஏற்றுக்கொண்டது. ஆனால் 1886இல் பிரான்ஸ் புகையற்ற வெடிமருந்தோடு லெபெல் ரைஃபிளை இறக்கியதும் ஜெர்மன் ராணுவம் பதறிப்போய், அவசரமாக ஒரு குழுவைக் கூட்டி, குழுவே ஒரு துப்பாக்கியை வடிவமைத்துவிட்டது. அதுதான் 1888 ரகம். மவுசரை ஓரங்கட்டிவிட்டார்கள். குழு போட்டுச் செய்த பொருள் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அதுவும். கொஞ்சம் இங்கிருந்து, கொஞ்சம் அங்கிருந்து.

உள்ளூர்க் கதவு சாத்தியதும் மவுசர் வெளியூர் வாடிக்கையாளர்களை நம்ப வேண்டியதாயிற்று. அவர்களில் பெரிய வாடிக்கையாளர் துருக்கி. 1888 ரகம் வருவதற்கு முன்பே, 1887இல், 5 லட்சம் ரைஃபிளுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. தனியாக அவ்வளவும் செய்ய ஓபர்ண்டார்ஃப் தொழிற்சாலைக்குக் கொள்ளளவு போதவில்லை. பெர்லினில் லோவே கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. அதே ஆண்டில் மவுசர் கம்பெனியின் பெரும்பங்கையும் வாங்கிவிட்டது.

அந்தத் துருக்கி ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. நடுவில் மவுசர் இதைவிட நல்ல துப்பாக்கி கண்டுபிடித்தால், பாக்கிச் சரக்கைப் புது மாதிரியில் கொடுக்க வேண்டும். துருக்கியும் விடவில்லை. 1890இல் புது மாதிரி கேட்டு வாங்கியது. இப்படி வாடிக்கையாளர் பிடுங்கிய பிடுங்கலில்தான் மவுசர் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1889 பெல்ஜியம், 1891 அர்ஜென்டினா, 1893 ஸ்பெயின், 1895 சிலி என்று ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு திருத்தம். ஸ்பெயினுக்குச் செய்ததில்தான் கட்டைக்குள் அடங்கும் மேகசின் வந்தது. ஜெர்மன் சிப்பாய் குழு வடிவமைத்த பழைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிய, தென் அமெரிக்கச் சிப்பாய் புதியதை வைத்திருந்தான். சொந்த ராணுவம் மவுசரிடம் திரும்பி வந்தது 1898 ஏப்ரலில், 98 ரகத்துக்கு. அதற்குள் ஏழெட்டு நாட்டு ராணுவங்களின் பணத்தில் எல்லாப் பரிசோதனையும் முடிந்திருந்தது.

லோவே குடும்பம் யூதக் குடும்பம் என்பதால் வந்த வம்பு வேறு. 1888 ரகத்தையும் அரசுக்காக லோவே செய்துகொடுத்தது. ஆல்வார்ட் என்ற யூத வெறுப்பு அரசியல்வாதி 1892இல் ‘யூதத் துப்பாக்கிகள்’ என்று பிரசுரம் போட்டு, வேண்டுமென்றே ஓட்டைத் துப்பாக்கி செய்து ஜெர்மனியைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார். நீதிமன்றம் அவரைத்தான் சிறைக்கு அனுப்பியது.

டிரான்ஸ்வால் இதை ஏன் வாங்கியது? எத்தனை?

தமிழருக்கு டிரான்ஸ்வால் என்றதும் தில்லையாடி வள்ளியம்மை நினைவுக்கு வரலாம். அவர் 1898இல் பிறந்த ஜோகன்னஸ்பர்க் அந்த நாட்டு ஊர்தான். 1886இல் அங்கே தங்கம் கிடைத்ததால் முளைத்த நகரம். தங்கம் வந்தால் கண்ணும் வரும்.

1895 டிசம்பர் கடைசியில் ஜேம்சன் என்ற மருத்துவர் சுமார் 500 குதிரை வீரர்களோடு டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். பின்னணியில் கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸ். நான்கே நாளில், 1896 ஜனவரி 2ஆம் தேதி டூர்ன்காப்பில் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் ஜெர்மன் பேரரசர் டிரான்ஸ்வால் அதிபர் பால் க்ரூகருக்கு வாழ்த்துத் தந்தி அடித்து லண்டனைக் கொதிக்க வைத்தார்.

படையெடுப்பு கோமாளித்தனமாக முடிந்தாலும், க்ரூகருக்கு ஒன்று உறைத்தது. தன் குடிமக்கள் பலரிடம் சண்டைக்கு ஆகிற துப்பாக்கியே இல்லை. இருந்ததும் பெரும்பாலும் ஒற்றைத் தோட்டா மார்டினி-ஹென்றி. கரிமருந்து, சுட்டால் புகைமூட்டம். தளபதி பீட் யூபேர் பழைய ஆள். மார்டினியே போதும் என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு, போர்ச்சுகல் வேண்டாமென்று தள்ளிய குவேடிஸ் என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களை ஆஸ்திரியாவிலிருந்து வாங்கி வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டார் வேண்டாமென்ற சட்டையை ஆடித் தள்ளுபடியில் எடுத்த கதை.

க்ரூகர் அதோடு நிற்கவில்லை. தங்க வருமானத்தைக் கொட்டி, டிரான்ஸ்வாலுக்கு மட்டும் ஏறத்தாழ 37,000 மவுசர் தருவித்தார். ஆரஞ்சு சுதந்திர நாடும் தனியாக வாங்கியது. அதன் துப்பாக்கிகளில் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளான ‘ஓ.வி.எஸ்.’ பொறித்திருக்கும். இரு நாடுகளும் சேர்ந்து வைத்திருந்த போராளிகளின் கணக்கைப் பார்த்தால், கிட்டத்தட்ட ஆளுக்கு ஒன்று. கூடவே ஜெர்மனியின் க்ரூப் பீரங்கி, பிரான்ஸிலிருந்து ‘லாங் டாம்’ என்று பேர் போன 155 மி.மீ. பீரங்கி எல்லாம் வந்தன.

இரண்டு நாட்டுக்குமே கடற்கரை கிடையாதே, சரக்கு எப்படி வந்தது?

டிரான்ஸ்வாலுக்கு போர்ச்சுகீசியரின் லோரென்சோ மார்க்கேஸ் துறைமுகம் வழியாக. இன்றைய மபுட்டோ. அங்கிருந்து பிரிட்டோரியாவுக்கு 1895இல் ரயில் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த ரயில் மட்டும் இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் எழுத விஷயமே இருந்திருக்காது. பிரிட்டன் அந்த வாசலை அடைக்கப் பெருமுயற்சி செய்தது; போர் தொடங்கிய பிறகு போர்ச்சுகல் வழியடைக்க ஒப்புக்கொண்டது. ஆரஞ்சு நாட்டுச் சரக்கு வந்த வழிதான் வேடிக்கை: பிரிட்டிஷ் காலனியான கேப் துறைமுகங்கள் வழியாகவே ஆயுதச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. அதை விட்டதற்காக கேப் பிரதமர் ஷ்ரைனர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிரிட்டிஷாரின் லீ-மெட்ஃபோர்டு, லீ-என்ஃபீல்டைவிட மவுசர் உண்மையிலேயே உசத்தியா?

காகிதத்தில் பார்த்தால் லீ வகைக்கு மேகசினில் 10 தோட்டா, மவுசருக்கு 5. ஆனால் அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக விரலால் திணிக்க வேண்டும். கிளிப் கிடையாது. மேகசினில் உள்ளதை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, சாதாரண நேரத்தில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடு என்பதே அப்போதைய பிரிட்டிஷ் பாடம். அதற்கென்றே மேகசினை மூடும் ஒரு தகடும் வைத்திருந்தார்கள். முதல் பத்து தீர்ந்ததும் போயர் முந்திவிடுவான்.

தோட்டாவிலும் வித்தியாசம். மவுசரின் 7 மி.மீ. குண்டு மெல்லியது, நொடிக்கு சுமார் 700 மீட்டர் வேகம். குண்டு அதிகம் வளையாமல், தரையை ஒட்டியே போகும். தூரத்தைக் கணிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் பட்டுவிடும். தென்னாப்பிரிக்காவின் மரமில்லாத வெட்டவெளியில் இது பெரிய அனுகூலம்.

போதாததற்கு, பிரிட்டனிலிருந்து வந்த ஒரு தொகுதி லீ-என்ஃபீல்டில் குறிமுள்ளே கோணலாக இருந்தது. 500 கஜத்தில் 18 அங்குலம் வலப்பக்கம் போகும். ஆளைக் குறிவைத்தால் ஆளுக்குப் பக்கத்துக் காற்றில் பாயும்!

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். கடினமான பயன்பாட்டுக்கு லீ தாங்கும். அதன் போல்ட் ஓட்டம் மவுசரைவிடச் சுருக்கு. கிளிப் வசதியைச் சேர்த்ததும் அதே லீ உலகின் வேகமான போல்ட் துப்பாக்கி ஆகிவிட்டது. 1899இல் தோற்றதில் இரும்பின் பங்கு பாதி, அதிகாரிகளின் யோசனைக் குறைவு மீதி.

போர்க்களத்தில் இது எப்படித் தெரிந்தது?

1899 டிசம்பரில் ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் ராணுவம் மூன்று இடத்தில் அடி வாங்கியது. ஸ்டார்ம்பர்க், மாகர்ஸ்ஃபான்டைன், கொலென்சோ. ‘கறுப்பு வாரம்’ என்று பத்திரிகைகள் எழுதின.

மாகர்ஸ்ஃபான்டைனில் குன்று இருக்கிறது. குன்று என்றால் மேலே ஏறி நின்று சுடுவதுதான் வழக்கம். பிரிட்டிஷ் பீரங்கிகளும் குன்றின் உச்சியையே மணிக்கணக்கில் குடைந்தன. போயர் தளபதி டி லா ரே தன் ஆட்களைக் குன்றின் அடிவாரத்தில், சமதரையில் பள்ளம் தோண்டி உட்கார வைத்திருந்தார். ஏன் தெரியுமா? உச்சியிலிருந்து சுட்டால் குண்டு சாய்வாக வந்து மண்ணில் புதையும். தரைமட்டத்திலிருந்து சுட்டால், தரையை ஒட்டிப் போகும் மவுசர் குண்டு முதல் வரிசையில் தவறினாலும் பின்வரிசையில் படும். துப்பாக்கியின் குணத்தைப் புரிந்துகொண்டு பள்ளம் தோண்டிய ஆள் அவர். டிசம்பர் 11 விடியற்காலையில் ஸ்காட்லாந்துப் படை நெருக்கமான வரிசையில் அந்தப் பள்ளத்துக்கு எதிரே வந்து நின்றது. தளபதி வாஷோப் முதல் சில நிமிடங்களிலேயே விழுந்தார். மற்றவர்கள் நாள் முழுக்க வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். பாவாடை மாதிரியான கில்ட் உடுத்தியவர்கள். முழங்காலுக்குப் பின்புறம் வெந்து கொப்பளித்துவிட்டது. அசைந்தால் குண்டு. எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது, புகையே இல்லையே!

நான்கு நாள் கழித்து கொலென்சோ. கர்னல் லாங் தன் 12 பீரங்கிகளை ஆற்றங்கரைக்குப் பக்கமாக, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். அக்கரையில் போயர் தளபதி லூயி போத்தாவின் ஆட்கள் மறைந்திருந்தார்கள். பீரங்கி இயக்கியவர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். இரண்டு பீரங்கியை மட்டுமே மீட்க முடிந்தது. பத்து போயர் கைக்குப் போயின. மீட்கப் போனவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல் ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகன். படுகாயமுற்று இறந்தார். அன்றைய கணக்கு பிரிட்டிஷ் தரப்பில் 1,100க்கும் மேல். போயர் தரப்பில் இறந்தவர் காயமுற்றவர் எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தொடவில்லை.

போயர்கள் விஷம் தோய்த்த தோட்டா பயன்படுத்தினார்கள் என்பது உண்மையா?

இல்லை. துரு ஏறாமலிருக்கத் தோட்டாக்களில் மெழுகு பூசியிருந்தது. நாளாக ஆக அது பச்சை நிறமாகிவிடும். பிடிபட்ட தோட்டாக்களில் பச்சையைப் பார்த்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் விஷம் என்று கிளப்பிவிட்டார்கள். மருத்துவர்கள் சொன்னது நேர் எதிர்: முழு உலோக உறை போட்ட அந்த மெல்லிய குண்டு எலும்பில் படாவிட்டால் சின்னத் துளையோடு போய்விடும், காயம் சீக்கிரம் ஆறும் என்று. வேட்டைக்கு விற்ற மென்முனைத் தோட்டாக்களும் புழங்கின என்பது வேறு விஷயம். அந்தப் பாவத்தில் இரு தரப்புக்கும் பங்குண்டு.

துப்பாக்கிக் கட்டையில் பெயர் செதுக்கியிருக்கிறதே, கம்பெனி செய்ததா?

கம்பெனி குத்தியது உலோகத்தில் மட்டும். கட்டையில் இருப்பது சொந்தக்காரன் கைவேலை. போயர் படையில் சம்பளச் சிப்பாய்கள் குறைவு. பண்ணைக்காரன் குதிரையோடும் துப்பாக்கியோடும் வந்து சேர வேண்டும், சீருடை கிடையாது. 37,000 துப்பாக்கியும் ஒரே அச்சு. காலையில் மாறிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது? பேனாக்கத்தியை எடுத்துப் பெயரைச் செதுக்கிவிட்டான். கல்யாண வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரிதான்.

சிலர் முதலெழுத்தோடு விட்டார்கள். சிலர் தேதி, ஊர், போரிட்ட இடம் என்று வரிசையாகக் குடைந்தார்கள். சிலர் நாட்டுச் சின்னத்தையே நகலெடுத்தார்கள். காவலில் உட்கார்ந்த நீண்ட பகல்கள் அந்த மரத்தில் இருக்கின்றன. எழுத்துகளின் ஓரம் கை எண்ணெயில் கறுத்து மழுங்கியிருக்கும். ப்ளூம்ஃபான்டைனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இந்த மாதிரிக் கட்டைகளைப் பார்க்கலாம். பெர்லினில் ஒரே இயந்திரத்தில் வெளிவந்த சரக்கு, தனி மனிதரின் உடைமையாக மாறிய இடம் அதுதான்.

போயர்கள் எல்லாருமே குறி தவறாத சுடுநர்களா?

வேட்டையாடி வளர்ந்த மூத்தவர்கள் கெட்டிக்காரர்கள். 1899 வாக்கில் வேட்டை மிருகங்கள் பெரிதும் அழிந்துவிட்டன, நகரத்து இளைஞர்கள் பலர் சுமாராகத்தான் சுட்டார்கள். துப்பாக்கியைவிட ஒளிந்துகொள்ளத் தெரிந்ததுதான் அவர்களுடைய பலம்.

இந்தப் போரில் தமிழருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் இந்தத் துப்பாக்கியின் எதிர்முனையில்.

1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் போனதிலிருந்து தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் நிறையப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். போர் வந்ததும் அங்கே வக்கீலாக இருந்த காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அதில் 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மற்ற 800 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மனதளவில் தன் அனுதாபம் போயர்கள் பக்கமே இருந்தது என்று காந்தியே எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் குடிமகன் என்ற உரிமையைக் கேட்பவன் கடமையையும் செய்ய வேண்டும் என்பது அன்றைய அவர் வாதம்.

கொலென்சோவிலும் அடுத்த மாதம் ஸ்பியான் காப்பிலும் மவுசர் குண்டு பட்டு விழுந்தவர்களைத் தூளியில் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் 20, 25 மைல் நடந்தார்கள். ஸ்பியான் காப்பில் தலையில் குண்டு பட்ட ஜெனரல் வுட்கேட்டைச் சுமந்தவர்களும் இவர்கள்தான். தோட்டத்தில் கரும்புக் கட்டு தூக்கிய தோள். போர்க்கதைகளில் தளபதிகளின் பெயர் வரிசையாக வரும்; தூக்கியவர்களின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல துப்பாக்கி இருந்தும் போயர்கள் ஏன் தோற்றார்கள்?

ஏற்றுமதித் துப்பாக்கிக்கு ஒரு சாபம் உண்டு: தோட்டாவும் ஏற்றுமதியில்தான் வர வேண்டும். துறைமுகம் அடைபட்டதும் 7 மி.மீ. தோட்டா கிடைப்பது நின்றது. எதிரிப் படை பல லட்சம் என்று பெருகியது. பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாமில் அடைத்தார்கள். கடைசிவரை நின்று கெரில்லாப் போர் நடத்தியவர்கள் மவுசரைப் புதைத்துவிட்டோ வீசிவிட்டோ பிரிட்டிஷாரிடம் பறித்த லீ-மெட்ஃபோர்டைத் தூக்கிக்கொண்டார்கள். அதற்குத் தோட்டா எதிரி முகாமிலேயே கிடைக்கும். பிரிட்டிஷ் படை போன பாதையில் சிந்திக் கிடக்கும் தோட்டாக்களைக்கூடப் பொறுக்கினார்கள். 1902 மே 31ஆம் தேதி சமாதானம் கையெழுத்தானது.

பிடிபட்டவர்கள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார்களாமே?

ஆமாம். 1900 ஆகஸ்டு முதல் இலங்கை தியத்தலாவையில் பெரிய முகாம்; ஏறத்தாழ 5,000 பேர். இந்தியாவில் பல முகாம்கள். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியில் வெலிங்டன், கேத்தி பகுதியிலும் இருந்தன. நேரம் போகாமல் மரத்திலும் எலும்பிலும் பொம்மை, பெட்டி, கைத்தடி என்று செய்து விற்றார்கள். துப்பாக்கிக் கட்டையில் பழகிய கைதானே.

பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் போன எங்கல்பிரெக்ட் என்பவர் இலங்கையிலேயே தங்கி, யால வனத்தின் முதல் காவலராக ஆனார். வேட்டைக்காரர் வம்சத்து ஆள் மிருகங்களைக் காக்கும் வேலைக்கு வந்தார்.

பிரிட்டன் இதிலிருந்து என்ன கற்றது?

நிறைய. போர் முடிந்த கையோடு லீ-என்ஃபீல்டைக் குட்டையாக்கி, கிளிப் பொருத்தும் வசதியைச் சேர்த்தார்கள். அதன் வாரிசுதான் நம் போலீஸ்காரர் தோளில் வெகுகாலம் தொங்கிய 303. மவுசரையே பார்த்து வடிவமைத்த புது ரைஃபிளும் 1913இல் பரிசோதனைக்கு வந்தது. முதல் உலகப்போர் குறுக்கிட்டதும் அதன் 303 வடிவத்தை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்துச் செய்ய வைத்தார்கள். மவுசரிடம் அடி வாங்கியவர்கள் கடைசியில் தாங்களும் வெளிநாட்டுச் சரக்குத் துப்பாக்கிக்கு வாடிக்கையாளர் ஆனார்கள்.

அமெரிக்காவுக்கும் இதே பாடம், இதைவிடக் கொஞ்சம் முன்னால். 1898 ஜூலை 1, கியூபாவில் சான் யுவான் குன்று. எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஸ்பானியர்கள் 1893 மவுசரோடு அமெரிக்கப் படையை ரத்தம் சிந்த வைத்தார்கள். அமெரிக்கா பிறகு செய்த 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் மவுசரின் காப்புரிமைகள் இருந்ததால் 2 லட்சம் டாலர் வரை ராயல்டி கட்ட வேண்டி வந்தது. மவுசருக்கு அப்படியொரு மவுசு.

அந்த 7 மி.மீ. தோட்டா இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, வேட்டைத் தோட்டாவாக. பிரிட்டனில் அதையே ‘275 ரிக்பி’ என்று வேறு பெயரில் விற்றார்கள். எதிரி நாட்டுப் பெயரைச் சொல்லி விற்பதில் ஒரு சங்கடம் இருந்திருக்கலாம். ஜிம் கார்பெட் 1926இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டது 275 ரிக்பியால்தான். அடிப்படையில் அது மவுசர் போல்ட், மவுசர் தோட்டா.

ஆர்டர் கொடுத்தும் வந்து சேராத துப்பாக்கிகள் என்ன ஆயின?

ஆரஞ்சு சுதந்திர நாட்டின் கடைசி ஆர்டர் பெர்லினில் தயாராகிக்கொண்டிருந்தபோதே போர் வெடித்துவிட்டது. அனுப்ப வழியில்லை. வாங்க வேண்டிய நாடே 1900இல் பிரிட்டனோடு இணைக்கப்பட்டுவிட்டது. கம்பெனி கிடங்கில் சரக்கைத் தேங்க விடுமா? அதே 1895 ரகம் வாங்கும் இன்னொரு வாடிக்கையாளர் இருந்தார், சிலி. 7 மி.மீ., அதே தோட்டா, அதே அளவு. சிலி அரசின் முத்திரையைக் குத்தி அங்கே அனுப்பிவிட்டார்கள்.

முன்பே பொறித்த எழுத்தைச் சுரண்டி எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. அதனால் சிலி ராணுவத்தில் பல பத்தாண்டுகள் உழைத்துப் பிறகு சேகரிப்பாளர் சந்தைக்கு வந்த துப்பாக்கிகளில் இன்றும் சிலவற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால், சிலி நாட்டுச் சின்னம் இருக்கும் அதே இரும்பில் ‘ஓ.வி.எஸ்.’ என்ற மூன்று எழுத்தும் இருக்கும். கட்டையில் பெயர் எதுவும் செதுக்கியிருக்காது.